உறைமோரும் ஒரு பிடி மணலும்

மணலைக் கழுவியவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் ஏற்ற எனக்கு மனமில்லை.

மதுரையில் இருக்கும் என் தமக்கையின் மகனுக்குத் திடீரென்று கடல் மீன் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. தங்கமீன், கப்பி போன்ற நன்னீர் மீன்களெல்லாம் அவன் ஏற்கனவே வளர்த்துப் பழகியவன். ஆனால் கடல் மீன் வேறு சங்கதி. கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினான். அதற்கென்றே விற்கிற உப்பை வாங்கி, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கரைத்தான். தண்ணீரைச் சுழலவைக்கும் மோட்டார், விளக்கு, வெப்பமானி எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசியாக, பிளாஸ்டிக் பையில் அடைத்த ஈர மணல் வந்தது. அதன் விலையைக் கேட்டதும் என் தமக்கை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மாரியூர்ல போய் நின்னா கால்ல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கானே, தம்பி!" என்று என்னிடம் முறையிட்டாள். மாரியூர் எங்கள் பூர்வீகம்.

பையன் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் நான் அந்தப் பையைப் பிரித்தேன். கடல் உள்வாங்கிய கரையில் அடிக்குமே, அந்த வாடை லேசாக வந்தது. புதுத் தொட்டி, புதுத் தண்ணீர். அதில் போய் இந்த அழுக்கைக் கொட்டுவதா என்று தோன்றிற்று. அரிசி களைவதுபோல் குழாய்த் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை அலசினேன். கலங்கல் அறவே நின்ற பிறகு மொட்டைமாடி வெயிலில் பரப்பி உலர்த்தினேன். மாலையில் பையன் வந்து பார்த்தபோது மணல் சர்க்கரைபோல் இருந்தது. மாமா ஆசையாகச் செய்த காரியம் என்று அவனும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் கோமாளி மீன்கள் இரண்டைக் கொண்டுவந்து விட்டான். ஒரு வாரம் ஆவதற்குள் இரண்டும் செத்து மிதந்தன.

அதன் பிறகுதான் அவன் எங்கெங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான்: "மாமா, நீங்க கழுவினது மண்ணு இல்ல. அதுல உயிர் இருந்திச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மணலில் உயிராவது! ஆனால் விஷயம் வாஸ்தவம். தொட்டியில் விட்ட மீன் சும்மா இருப்பதில்லை. அது மூச்சு விடுகிறது, தின்கிறது, கழிக்கிறது. அதன் உடம்பிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் தண்ணீரில் சேர்கிறது. கடலில் அந்த விஷம் தங்குவதில்லை. மணல் துகள்களின்மேல் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷந்தான். இன்னொரு வகை அதைத் தின்று, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. மணலின் அடியில், பிராணவாயு எட்டாத இருட்டில் வாழும் மூன்றாவது கூட்டம் அந்த நைட்ரேட்டையும் பிரித்து வெறும் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடுகிறது. 1890-ஆம் ஆண்டை ஒட்டி வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி நிலத்து மண்ணில் இந்த வேலைக்காரர்களைக் கண்டுபிடித்து, முதல் இரண்டு வேலைகளையும் வெவ்வேறு இனங்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கின்றன என்று காட்டினார். அவற்றோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளியும் புழுக்கள், பாசித் துணுக்குகள், பூச்சிபோல் துள்ளும் சிற்றுயிர்கள் என்று ஒரு கிராமமே ஒரு பிடி மணலில் குடியிருக்கிறது. கழுவாத கடல் மணலைப் புதுத் தொட்டியில் இட்டால் அந்தக் கிராமம் அங்கே குடியேறிப் பெருகும். இடாவிட்டால் நாலு வாரமோ ஆறு வாரமோ, அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டும். நான் குழாய்த் தண்ணீரையும் குளோரினையும் வெயிலையும் கொண்டு அந்தக் கிராமத்தைக் கூண்டோடு அழித்துவிட்டேன்.

இதைக் கேட்டதும் என் தமக்கைதான் சட்டென்று புரிந்துகொண்டாள். "அட, உறைமோர்!" என்றாள்.

அதேதான். எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் அது தானாகத் தயிராகாது. நேற்றைய மோரில் ஒரு கரண்டி வேண்டும். வீட்டில் மோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் வாங்கி வருகிறோம். அந்த வீட்டு மோர் அதற்கு முந்திய நாள் தயிரிலிருந்து வந்தது. அது அதற்கும் முந்திய நாளிலிருந்து. இன்று நம் இலையில் விழும் தயிரின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால் எந்தப் பாட்டியின் அடுப்படியில் போய் நிற்போமோ தெரியாது. உறைமோரைக் காய்ச்சிச் சுத்தம் செய்து பாலில் விட்டவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் செய்தது அதுதான்.

ஆனால் என் முட்டாள்தனம் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று பிற்பாடு யோசித்தபோது தோன்றியது. எதையாவது புதிதாகத் தொடங்குகிறவன் முதலில் செய்ய விரும்புவது பழையதைக் கழுவுவதுதான். புது வீட்டுக்குப் பழைய சாமான் ஆகாது என்கிறோம். புது நாவல் எழுத உட்காரும்போது நானும் புது நோட்டுப் புத்தகம் வாங்குகிறேன். முன்பு எழுதிய எதன் சாயலும் விழக்கூடாது என்று சங்கற்பம் செய்கிறேன். முதல் பக்கத்தில் வந்து உட்காருவது என்னவோ சாயல்குடிச் சந்தையில் என்றோ காதில் விழுந்த யாரோ ஒரு கிழவியின் பேச்சாகத்தான் இருக்கிறது. அவள் வராத நோட்டுகள் பாதியில் நின்றிருக்கின்றன.

கடல்நீர்த் தொட்டிக்கு இங்கிலாந்தில் முதன்முதலாகப் பெரிய மோகத்தை உண்டாக்கியவர் பிலிப் ஹென்றி காஸ் என்பவர். 1854-இல் அதைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உப்புக்களைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் வழியையும் சொன்னார். அதே மனிதர் மூன்று ஆண்டுகள் கழித்து, 1857-இல், விசித்திரமான இன்னொரு புத்தகம் எழுதினார். ஆண்டவன் உலகைப் படைத்தபோதே அதற்கு ஒரு பழமையையும் சேர்த்தே படைத்தான். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்தது. நேற்று என்பதே இல்லாத மரத்துக்கும் உள்ளே வருஷ வளையங்கள் இருந்தன என்பது அவருடைய வாதம். பக்திமான்களும் அதை ஏற்கவில்லை, விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. எனக்கோ அந்த வாதத்துக்குள் தொட்டிக்காரர் ஒருவரின் அனுபவம் ஒளிந்திருப்பதாகப் படுகிறது. நேற்று இல்லாத உலகத்தில் மீன் பிழைக்காது. தொட்டி வைக்கிற மனிதனால் அந்த நேற்றை உண்டாக்க முடியாது. எங்கிருந்தாவது வாங்கித்தான் வரவேண்டும்.

எங்கிருந்து வாங்குவது? தர்மசங்கடம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

சித்திரைத் திருவிழாவுக்கு மாரியூர் போனோம். பையன் மூடியோடு கூடிய வாளி ஒன்றை எடுத்து வந்திருந்தான். எதற்கென்று எனக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெள்ளை பூத்துக் கிடக்கும். மாரியூர் வாலிநோக்கம் உப்பளத்தை நடத்துவது 1974-இல் ஏற்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம். அந்தப் பாத்திகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே கடலை வற்றவைத்து உப்பு எடுக்கிறார்கள். என் மருமகனோ உப்பைக் கரைத்துக் கடல் செய்யப் பார்த்தான். உப்பளத்தில் விட்டுப்போன ஏதோ ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது.

மாரியூர்க் கோயிலில் சுவாமிக்குப் பூவேந்தியநாதர் என்று பெயர், அம்மன் பவளநிறவல்லி. சித்திரைத் திருவிழாவில் அங்கே கடலில் வலைவீசும் படலத்தை நடத்திக் காட்டுவார்கள். உமையவள் செம்படவர் குடியில் பிறந்திருக்க, நந்தி சுறாவாக வந்து கடலைக் கலக்க, இறைவன் வலைஞனாக வந்து வீசிப் பிடித்த கதை. வலையில் அகப்பட்டது மீன்தான் என்று ஊர் நினைத்தது. அது மீன் அல்ல. நான் பையில் பார்த்ததும் மணல் அல்ல. ஜனங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஒப்புமை மனசில் ஓடியது.

வெயில் தாழ்ந்த பிறகு பையன் அலையோரமாகப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று மணலை அள்ளி வாளியில் போட ஆரம்பித்தான். கொஞ்சம் தள்ளிப் படகு நிழலில் வயதான மீனவர் ஒருவர் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எதுக்குத் தம்பி மண்ணு?" என்று கேட்டார்.

பையன் சொன்னான். பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அள்ளுறது சரி. வேலை முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து போட்டுருவியா?"

"போட்டுருவேன் ஐயா" என்றான் பையன், யோசிக்காமல். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வலையைப் பார்க்கத் திரும்பினார். என்னால்தான் அந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை.

வாளியைத் தரையில் வைத்துவிட்டுப் பையனும் நானும் வெகுநேரம் பேசினோம். அவனுடைய கட்சி லேசானதல்ல. "ஒரு வாளி மண்ணுல கடல் குறைஞ்சா போயிடும், மாமா? ஒரு அலை இதைவிட நூறு பங்கு மண்ணைப் புரட்டிப் போடுது. என் தொட்டியைப் பார்த்து நாலு பேருக்குக் கடல்மேல பிரியம் வந்தா அது கடலுக்குத்தானே நல்லது?"

எதிரே அடிவானத்தைக் காட்டினேன். அந்தப் பக்கம் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். 1986-இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அங்கே எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்னும், வந்த பின்னும் பல காலம், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 2001-இல்தான் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இதற்கிடையில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பாறை என்ற அரண் போன பிறகு அலை நேராக வந்து மணலைக் கரைத்துவிட்டது. பாறையை வெட்டியவன் ஒவ்வொருவனும், ஒரு படகுக் கல்லில் தீவு குறைந்துவிடுமா என்றுதான் கேட்டிருப்பான்.

காஸ் கதையும் அப்படித்தான் முடிந்தது. அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு வாளியும் உளியுமாக டெவன் கடற்கரைக்குப் புறப்பட்ட கூட்டம், அவர் சிறுவனான தம் மகனோடு குனிந்து குனிந்து பார்த்து மகிழ்ந்த பாறைக் குட்டைகளையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டது. அந்த மகன் எட்மண்ட் காஸ் பெரியவரான பிறகு, 1907-இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சொல்லி வருந்தினார். கடல்மேல் பிரியம் கொண்டவர்கள்தாம் அந்தக் கரையைச் சூறையாடினார்கள்.

"அவங்க வெட்டினது பவளம். நான் அள்ளினது மண்ணு" என்றான் பையன்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு வாளி மணலால் மாரியூர்க் கடலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அளவைக் காட்டி அவனை ஜெயிக்க எனக்கு வழியில்லை. ஆனால் பெரியவர் கேட்டது அளவைப்பற்றி அல்லவே! திரும்பக் கொண்டுவந்து போடுவாயா என்றுதானே கேட்டார்?

போட முடியாது. அதுதான் இதில் உள்ள சிக்கல். வீட்டுத் தொட்டியில் எங்கெங்கோ கடலிலிருந்து வந்த மீனும் பாசியும் நோயும் கூடி வாழ்ந்திருக்கும். அந்த மணலைத் திரும்பக் கடலில் கொட்டுவது எடுத்ததைவிடப் பெரிய அபகாரம். 1984-இல் மொனாக்கோவில் ஒரு கடல் காட்சிசாலையின் அடியில், கடலுக்குள் ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் புதுப் பாசி ஒன்று தென்பட்டது. தொட்டிக்கு அழகென்று வளர்த்த கௌலெர்ப்பா அது. காட்சிசாலையிலிருந்துதான் தப்பியது என்பதே பெரும்பாலோர் முடிவு. சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரைகளிலெல்லாம் படர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? மண்டபம் பக்கத்தில் பயிரிட்ட கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மீது ஏறிவிட்டதை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள்.

ஆக, பையன் கடலிடம் வாங்குவது திருப்பிக் கொடுக்கவே முடியாத கடன். உறைமோர் அப்படி அல்ல. இன்று நான் உன் வீட்டில் வாங்கினால் நாளை நீ என் வீட்டுக்குக் கிண்ணத்தோடு வரலாம். வாங்கியவனும் கொடுக்கக்கூடியவன் ஆகிவிடுகிறான். அதனால்தான் உறைமோர் வாங்குவதில் யாரும் கூசுவதில்லை. கடல் நம் வாசலுக்குக் கிண்ணம் ஏந்தி வரப்போவதில்லை. கேட்காதவனிடம் எடுத்துக்கொள்வதற்கும் கொடுப்பவனிடம் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாளியிலும் உண்டு, ஒரு கரண்டியிலும் உண்டு.

அப்படியானால், திருப்பித் தர முடியாத கடனை என்ன செய்வது? கடனே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? முடியாது. பெற்றவர்களிடம் பட்ட கடன், பேசக் கற்றுக்கொடுத்த ஊரிடம் பட்ட கடன், எல்லாமே அந்த ஜாதிதான். அவற்றை வாங்காமல் யாரும் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை.

இந்தக் கரையிலேயே அதற்கு ஒரு வழி வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கிறது. காசி யாத்திரை போகிறவர்கள் முதலில் இராமேசுவரம் வந்து, சேதுக் கடலில் நீராடி, ஒரு பிடி மணல் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து கங்கை நீரை எடுத்துவந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் யாத்திரை பூர்த்தியாகிறது. கவனித்தீர்களா? எடுத்த மணல் எடுத்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் எடுத்தவன் அதை வைத்துக்கொள்ளவும் இல்லை. ஓரிடத்தில் வாங்கியதை இன்னோரிடத்தில் சேர்த்து, வேறொன்றைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறான். நான் அதன் புண்ணியக் கணக்கைப் பேசவில்லை. வாங்கியது தன்னோடு நின்றுவிடக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு அதில் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இதை நான் சொல்லிக்கொண்டே வந்தபோது இருட்டிவிட்டது. பையன் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வாளியை அலையில் கவிழ்த்துவிட்டு வந்தான். அவனுக்கு என்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வரும் வழியெல்லாம் பேசவில்லை.

பிறகு அவனே வழி கண்டுபிடித்தான். மதுரையிலேயே, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பதாகத் தெரியவந்தது. நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு டம்ளர் மணலை வழித்து, அந்தத் தொட்டித் தண்ணீரோடே ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பையன் பணத்தை எடுத்தான். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"கழுவிடாதீங்க" என்றார். பையன் என்னைப் பார்த்தான்.

எழுந்திருக்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்களுக்கு இந்த மணல் முதன்முதலில் எங்கிருந்து வந்தது?"

அவர் தயங்கினார். "நானும் கடல்லதான் அள்ளினேன். அப்ப யாரும் ஒண்ணும் கேக்கல" என்றார்.

திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையனின் கை சுத்தமாகிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த டப்பாவிலும் எந்தக் கரையோ ஒன்று கேட்காமல் எடுக்கப்பட்ட மணல்தான் இருந்தது. ஆதியில் பட்ட கடன் அழியவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது அந்தப் பெரியவரோடு நின்றிருந்தால் எங்கள் பையன் மறுபடியும் மாரியூருக்குத்தான் வாளியோடு போயிருப்பான். அவர் கொடுத்த ஒரு டம்ளர் மணல் கடலுக்குத் திருப்பிக் கொடுத்ததாகாது. கடலிடம் இன்னொரு முறை எடுக்காமல் செய்தது. நம்மால் அடைக்கக்கூடிய வட்டி அவ்வளவாகத்தான் இருக்கும் போலும்.

இந்தத் தடவை பையன் அவசரப்படவில்லை. மணலை இட்டுவிட்டு, வாரக்கணக்கில் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி அடங்கிய பிறகே மீன் விட்டான். அதையும், தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரித்த குஞ்சாகத் தேடி வாங்கினான். அவை பிழைத்துக்கொண்டன.

போன மாதம் நான் மதுரையில் இருந்தபோது விருதுநகரிலிருந்து ஒரு மாணவன் டப்பாவோடு வந்திருந்தான். பையன் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டான். என் தமக்கை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறையவே போட்டுக் குடுடா. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கான்" என்றாள்.